அந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குகிறார்?

கேள்வி இது: "எங்கள் உள்ளாட்சி மன்றம் பேரிடர் திட்டம் தயார் என்று அறிவித்திருக்கிறது. அதில் என்னதான் இருக்கும்? அவசரம் என்று வந்தால் அவர்கள் எதைச் செய்வார்கள், குடியிருக்கும் நாங்கள் எதைச் செய்ய வேண்டும்? நடக்க முடியாத அம்மாவோடு மூன்றாவது மாடியில் இருக்கிறேன்."

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பேரிடர் திட்டம் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல்லே அதுதான். மூன்றாவது மாடியில் இருக்கும் உங்கள் அம்மாவை யார் கீழே கொண்டுவருவார்கள்? அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இதற்குப் பதில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், அது முந்நூறு பக்கம் இருந்தாலும் பாதித் திட்டம்தான். மீதிப் பாதி உங்கள் தெருவில் எழுதப்பட வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். 1995 ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. ஜப்பானின் கோபே நகரத்தையும் அதை ஒட்டிய அவாஜித் தீவையும் நிலநடுக்கம் உலுக்கியது. 6,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோபே பெருநகரம், தீயணைப்பு வண்டிகளுக்கும் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரே நிமிடத்தில் பல்லாயிரம் வீடுகள் விழுந்தால் எந்த ஊரின் படையும் போதாது. அன்று இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலானவர்களைத் தூக்கி எடுத்தது சொந்த வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான். அவாஜித் தீவில், நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகிலேயே ஹொகுதான் என்ற சிற்றூர். அங்கே சுமார் 300 பேர் வீடுகளுக்கு அடியில் சிக்கினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் தேடப்பட வேண்டியவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை. அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று தெரிந்திருந்தது. கூரை முழுவதையும் பிரித்துக்கொண்டிருக்காமல் நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள்.

இந்தத் தகவல் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது, இருக்கவும் முடியாது. உள்ளாட்சி எவ்வளவு திறமையாக இருந்தாலும் முதல் சில மணி நேரம் தெருவின் கையில்தான். அந்த நேரத்தைத் தெரு தாண்டுவதற்கு வேண்டியதை முன்கூட்டியே செய்து வைப்பதும், அதன் பிறகு வரும் நாட்களையும் மாதங்களையும் தோளில் சுமப்பதும் உள்ளாட்சியின் வேலை.

இனி அவர்கள் பக்கத்துக்கு வருவோம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். பிரிட்டனை எடுத்துக்கொண்டால், 2000-இல் எரிபொருள் முடக்கம், அதே ஆண்டில் பெருவெள்ளம், 2001-இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் என்று அடி மேல் அடி விழுந்த பிறகு 2004-இல் ஒரு சட்டம் போட்டார்கள். காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றோடு உள்ளாட்சி மன்றங்களையும் அது முதல் வரிசையில் நிறுத்தியது. எந்தெந்த ஆபத்து வரக்கூடும் என்று மதிப்பிட வேண்டும், அதை மக்களுக்கு வெளியிட வேண்டும், திட்டம் தீட்ட வேண்டும், எச்சரிக்க வேண்டும், மற்றத் துறைகளோடு தகவலைப் பகிர வேண்டும், அத்தோடு தன் சொந்த அன்றாடப் பணி நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

யார் எதைச் செய்வார்கள் என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. எளிமையாகச் சொன்னால் இப்படி: தீயை அணைப்பது தீயணைப்புத் துறை. அணைத்த பிறகு அந்தத் தெருவில் இருந்தவர்கள் இன்றிரவு எங்கே படுப்பார்கள், அவர்களின் மாத்திரை எங்கிருந்து வரும், பிள்ளைகள் எப்போது பள்ளிக்குத் திரும்புவார்கள், இடிந்த சுவரைத் தொடலாம் என்று யார் சான்று தருவார்கள் என்பதெல்லாம் உள்ளாட்சியின் கவலை. செய்தியில் தலைப்பாக வருவது முதல் பாதி. ஆண்டுக்கணக்கில் இழுப்பது இரண்டாவது பாதி.

கடைசியாகச் சொன்ன கடமை, அதாவது தன் சொந்தப் பணி நிற்காமல் பார்ப்பது, பட்டியலில் ஒப்புக்குச் சேர்த்தது போலத் தோன்றும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஓட்சுச்சி என்ற ஊரில், நிலநடுக்கம் முடிந்ததும் நகராட்சிக் கட்டடத்துக்கு வெளியே அவசர நிலைக் கூட்டம் போட முனைந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஆழிப்பேரலை வந்தது. மேயரும் ஊழியர்களில் பலரும் இறந்தார்கள். வழிநடத்த வேண்டியவர்களையே அந்த ஊர் முதல் மணி நேரத்தில் இழந்துவிட்டது. அதனால் உங்கள் மன்றத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் அலுவலகமே தண்ணீரில் இருந்தால் எங்கிருந்து வேலை செய்வீர்கள், தலைவர் இல்லாவிட்டால் அடுத்த கையெழுத்து யாருடையது?

திட்டம் என்றதும் வெள்ளத்துக்கு ஒன்று, தீக்கு ஒன்று, ரசாயனக் கசிவுக்கு ஒன்று என்று தனித்தனிப் புத்தகங்களை நினைக்கிறோம். அப்படிச் சிலவும் தேவைதான். ஆனால் எந்தப் பேரிடர் வந்தாலும் திரும்பத் திரும்பத் தேவைப்படும் வேலைகள் நான்கைந்துதான்: எச்சரிப்பது, இடம் மாற்றுவது, தங்கவைப்பது, தகவல் சொல்வது, யார் எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைப்பது. இவற்றை நன்றாகச் செய்யத் தெரிந்த ஊர், யாரும் எதிர்பார்க்காத பேரிடர் வந்தாலும் தடுமாறினாலும் விழாது.

தங்கவைப்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் காகிதத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் இங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். நிவாரணப் பணிக்கான ஸ்பியர் என்ற சர்வதேச அளவுகோல், தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடமும் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீரும் வேண்டும் என்கிறது. 15 லிட்டர் என்பது குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. 350 சதுர மீட்டர் அரங்கம் ஒன்று இருக்கிறது என்றால் அதில் 100 பேர் தங்கலாம். திட்டத்தில் அதற்கு நேரே "500 பேர்" என்று எழுதியிருந்தால், அது நாற்காலி போட்டு எண்ணிய கணக்கு. உட்காருவதும் படுப்பதும் வேறு வேறு. கழிவறை எத்தனை, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, இன்சுலின் வைக்கக் குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரம் வருமா, நாயோடு வருபவரை வாசலில் நிறுத்திவிடுவார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். நாய் விஷயம் அற்பமானதில்லை. 2005-இல் கத்ரீனா புயலின்போது செல்லப் பிராணிகளை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். அதற்கு அடுத்த ஆண்டே உள்ளாட்சித் திட்டங்களில் பிராணிகளையும் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது.

ஒருமுறை ஒரு மேசை ஒத்திகையில் உட்கார்ந்திருந்தேன். மேசை ஒத்திகை என்றால் யாரும் ஓடியாட மாட்டார்கள். எல்லாத் துறையினரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார, நடத்துபவர் ஒவ்வொரு அட்டையாக வாசிப்பார். "இரவு 2 மணி. மின்சாரம் இல்லை. மழை. 300 பேர் பள்ளி வாசலில் நிற்கிறார்கள்." அடுத்து யார் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆளாளுக்குப் போர்வை, ஜெனரேட்டர், மருத்துவக் குழு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஓரத்தில் இருந்த ஒரு துப்புரவு மேற்பார்வையாளர் மெதுவாகக் கேட்டார்: "வாசல் சாவி யாரிடம் இருக்கு?" மேசை அமைதியாகிவிட்டது. சாவி தலைமை ஆசிரியரிடம். அவர் வீடு ஆற்றுக்கு அக்கரையில். முந்தைய அட்டையில்தான் பாலத்தை மூடியிருந்தார்கள். அடுத்த வாரமே அந்தப் பள்ளித் தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் மாற்றுச் சாவி கொடுக்கப்பட்டது. அந்த நாளில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்றாலும், ஒத்திகைக்குச் செலவான நேரம் முழுக்கவும் அதற்குத் தகும்.

ஒத்திகையைப் பற்றிச் சொல்லும்போது கமாயிஷியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒத்திகையின் இரண்டு முகங்களையும் அங்கே பார்க்கலாம். 2011 ஆழிப்பேரலை அந்த ஜப்பானிய ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஆனால் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேரில் மிகச் சிலரைத் தவிர அத்தனை பேரும் பிழைத்தார்கள். பேராசிரியர் தோஷிதாகா கதாதா பல ஆண்டுகளாக அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைப் பழக்கியிருந்தார்: வரைபடத்தில் போட்டிருக்கும் எல்லையை நம்பி நிற்காதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அளவுக்கு முயற்சி செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் நீ முதலில் ஓடு, உன்னைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். உனோசுமாய் பகுதியில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். அது திட்டத்தில் எழுதியிராத ஓட்டம்.

அதே உனோசுமாயில் ஒரு பேரிடர் தடுப்பு மையம் இருந்தது. பெயர்தான் அப்படி, ஆழிப்பேரலைக்கான புகலிடமாக அதை அறிவித்திருக்கவில்லை. உண்மையான புகலிடம் மேட்டில். வயதானவர்கள் மேட்டுக்கு ஏறச் சிரமப்படுகிறார்கள், ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை என்பதால், பக்கத்திலேயே இருந்த அந்த மையத்தில் ஒத்திகை நடத்திக்கொண்டார்கள். அந்த நாள் வந்தபோது மக்கள் பழகிய இடத்துக்கே போனார்கள். அங்கே 160-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வசதிக்காகச் செய்த சின்ன மாற்றம். உடம்பு அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது. உங்கள் ஊரில் ஒத்திகை நடந்தால் போய் நில்லுங்கள். நிஜத்தில் போக வேண்டிய இடத்துக்கே, நிஜத்தில் போக வேண்டிய வழியிலேயே கூட்டிப்போகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதே ஆழிப்பேரலையில் இஷினோமாகியின் ஒகாவா தொடக்கப் பள்ளி 74 மாணவர்களை இழந்தது. பள்ளியின் அவசரக் கையேட்டில் ஆழிப்பேரலை வந்தால் எங்கே போவது என்பதற்கு "அருகிலுள்ள காலியிடம் அல்லது பூங்கா" என்ற மாதிரிதான் எழுதியிருந்தது. எந்தக் காலியிடம்? பெயர் இல்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். முன்கூட்டியே சரியான கையேடு தயாரிக்காததற்கு நகராட்சியும் மாகாணமும் பொறுப்பு என்ற தீர்ப்பு 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. தயாரிப்பில் இருந்த பொத்தலுக்காகவே உள்ளாட்சியைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு அது. "தகுந்த இடம்", "உரிய அலுவலர்", "தேவையான நடவடிக்கை" போன்ற சொற்களைத் திட்டத்தில் பார்த்தால் அடிக்கோடு போடுங்கள். அவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை.

எச்சரிக்கை விஷயத்தில் தொழில்நுட்பம் நிறையவே முன்னேறிவிட்டது. செல்பேசிக் கோபுரத்திலிருந்து ஒரு பகுதியில் உள்ள எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் சத்தத்தோடு செய்தி அனுப்பலாம். முன்பதிவு வேண்டாம், நெரிசலிலும் தடைபடாது. ஆனால் பொத்தானை அழுத்துவது மனிதர். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. மக்களின் போன்களுக்குச் செய்தி போனது இரவு 8 மணிக்குப் பிறகு. அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யார் முடிவெடுப்பது, எந்த அளவு தாண்டினால் யாரையும் கேட்காமல் செய்தி போக வேண்டும் என்பதை வெயில் நாளிலேயே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் வங்கதேசம். 1970 புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகத் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். கொடி ஏற்றுவது, கையடக்க ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவது, புயல் புகலிடத்துக்கு அழைத்துப்போவது அவர்கள் வேலை. இன்று அந்தப் படையில் பல்லாயிரம் பேர், பாதிப் பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக இறந்தார்கள். வெளியாட்களான ஆண்கள் வந்து சொன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்கள், தெரிந்த பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்தால் கிளம்புவார்கள். 2020-இல் அம்பான் புயலுக்கு முன்பு அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்ற முடிந்தது இந்த அடித்தளத்தால்தான்.

இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவில் ஒலிபெருக்கிகூடத் தேவைப்படவில்லை. 1907-இல் அங்கே வந்த ஆழிப்பேரலையைத் தாத்தா பாட்டிகள் "ஸ்மோங்" என்ற ஒரே சொல்லில் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

இப்போது குடியிருப்பவர்கள் பக்கம். வீட்டில் என்ன வைக்க வேண்டும் என்ற பட்டியலை எல்லா நாட்டு அரசுகளும் வெளியிடுகின்றன. நீட்டி முழக்கத் தேவையில்லை. பின்லாந்து மூன்று நாள் தாக்குப்பிடிக்கச் சொல்கிறது. ஸ்வீடன் ஒரு வாரம் என்கிறது. 2024-இல் அதற்கான கையேட்டை எல்லா வீட்டுக்கும் அனுப்பியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிநீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ, மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல், சில்லறைப் பணம். போனில் மட்டும் இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சார்ஜ் தீர்ந்த பிறகு மகளின் எண் யாருக்கும் ஞாபகம் வராது. வசதி உள்ளவர்கள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டால், முதல் நாள் வரும் வண்டி வசதி இல்லாதவர் வாசலில் நிற்கும். பொருள் சேர்ப்பதில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் நியாயம் இதுதான்.

பொருளைவிட அதிகம் உதவுவது ஒரு முன் ஏற்பாடு. நியூசிலாந்தின் வெலிங்டனில் பள்ளிகளையும் சமூகக் கூடங்களையும் அவசர மையங்களாகக் குறித்து, அங்கே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதிகாரி யாரும் வர மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியைத் தயாரித்திருக்கிறார்கள். முதலில் வந்து சேரும் சாதாரணக் குடியிருப்பாளரே திறந்து, உள்ளிருக்கும் தாளைப் படித்து, யார் பெயர் எழுதுவது, யார் தகவல் பலகையைப் பார்ப்பது, யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று வேலையைப் பிரித்துவிடலாம். அதே நகரத்தின் கரையோரத் தெருக்களில் நீல நிறக் கோடு ஒன்று குறுக்கே போட்டிருக்கும். நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால் அந்தக் கோட்டைத் தாண்டும்வரை நடக்க வேண்டும். தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளை அதை மிதித்துக்கொண்டே வளர்கிறது. வரைபடத்தைத் தரையிலேயே வரைந்துவிட்டார்கள்.

உதவி தேவைப்படுபவர்களின் பட்டியல் ஒன்று உள்ளாட்சியிடம் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும். ஆனால் அது சீக்கிரம் பழசாகிவிடும்: ஒருவர் வீடு மாறுவார், ஒருவருக்கு நேற்றுத்தான் அறுவை சிகிச்சை நடந்திருக்கும், ஒருவர் இறந்திருப்பார். அதனால் அனுபவம் உள்ளவர்கள் பட்டியல்களின் பட்டியலை வைத்துக்கொள்வார்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும், டயாலிசிஸ் போகிறவர்களை எந்த மருத்துவமனையைக் கேட்டால் தெரியும், இந்தத் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களை அறிந்தவர் யார் என்ற சங்கிலி அது. சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் தெருவில் ஒரு மனிதராக இருக்க வேண்டும்.

அந்தக் கண்ணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலை வெள்ளம். ஜெர்மனியின் சின்சிக் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றின் தரைத்தளத்தில் 12 பேர் இரவில் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். மேல்மாடி அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. தூக்கிச் செல்லக் கைகள் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

இதனால்தான் உங்கள் அம்மாவின் விஷயத்தில் முதலில் எந்த ஆபத்து என்று பிரித்துப் பாருங்கள். வெள்ளம் என்றால், கட்டடம் உறுதியாக இருக்கும்பட்சத்தில், மூன்றாவது மாடிதான் அவருக்குப் பாதுகாப்பான இடம். இறக்க வேண்டாம், கீழ்த்தளத்தில் இருக்கும் முதியவரை உங்கள் வீட்டுக்கு ஏற்றுங்கள். அப்போது உங்களுக்குத் தேவை தண்ணீர், மாத்திரை, மின்சாரம் இல்லாமலும் நாட்களை ஓட்டும் வழி. தீ என்றால் கதை வேறு. லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. படிக்கட்டில் இறக்குவதற்கென்றே சறுக்கு நாற்காலிகள் இருக்கின்றன, குடியிருப்புச் சங்கம் ஒன்று வாங்கிப் படியருகே மாட்டலாம். அது இல்லாவிட்டால் கெட்டியான போர்வையில் படுக்கவைத்து நான்கு மூலையிலும் நான்கு பேர் பிடித்து இறக்கலாம். எதுவானாலும் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பதில் முதலில் நீங்கள் அந்தப் போர்வையில் படுங்கள். திருப்பத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கட்டடத்தின் தீ விதிகள் உள்ளேயே இருக்கச் சொல்கின்றனவா, வெளியேறச் சொல்கின்றனவா என்பதையும் தீயணைப்பு நிலையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, பகலில் வீட்டில் இருக்கும் இரண்டு பேர், இரவில் இருக்கும் இரண்டு பேர் என்று நான்கு பெயர் எழுதுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதுதான் அது நடக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சாவியும், அம்மாவின் மருந்துப் பட்டியலும், அவரை எப்படித் தூக்கினால் வலிக்காது என்ற குறிப்பும் இருக்கட்டும். பிறகு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், இந்த முகவரியில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார், தொடர்புக்கு இந்த நான்கு பேர் என்று எழுத்தில் கொடுங்கள். வாங்கிக்கொள்பவரின் பெயரையும், அந்தத் தாளை அவர் எங்கே வைக்கிறார் என்பதையும் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய், அது அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.